குழல் தேய்ந்ததா, குறி பிசகியதா?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது பிரயோஜனமாப் பேசுங்க அண்ணாச்சி, அரைமணி நேரம் போதும்" என்று செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். இங்கே இயற்பியல் படித்துவிட்டு இராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாகக் காலம் தள்ளியவன் நான். ஆகவே ஒரு வேட்டைத் துப்பாக்கிக்கு வந்த நோயையும், அது என்ன நோய் என்று கண்டுபிடித்த விதத்தையும் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வேட்டைத் துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும், அதற்கு 1991-இல் வந்த திருத்தத்தோடும் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துவிட்டது. அது முடிந்ததும் நல்லதற்கே. இன்று மலைப்பக்கத்து வீடுகளில் இருக்கும் பெரிய துப்பாக்கிகள் எல்லாம் தாத்தா காலத்துச் சொத்துக்கள். உரிமம் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை சுடுதளத்தில் நாலு தோட்டா சுட்டு, துடைத்து வைப்பதோடு சரி.

நம் வட்டாரத்தில் துப்பாக்கி என்றாலே செங்கோட்டை வாஞ்சிநாதன் நினைவுதான் வரும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டது ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவ்வளவு நெருக்கத்தில் சுடுவதற்குக் குழலின் நுணுக்கம் பெரிதாகத் தேவையில்லை. 100 கெஜத்துக்கு அப்பால் ஒரு தேங்காய் அளவு இலக்கில் அடிக்க வேண்டுமென்றால்தான் குழலுக்கு வேலை.

அந்த வேலை என்ன? ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகாணி மரை போலச் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு பம்பரமாகச் சுழன்று வெளியே வருகிறது. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்று ஒரு தோட்டா 1912-இல் இங்கிலாந்தில் வந்தது. அதற்கான குழலில் வழக்கமாக 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நொடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 2,500 சுற்று! பம்பரம் வேகமாகச் சுற்றும்போது நேராக நிற்பது போல, குண்டும் தலை ஆடாமல் போகிறது. வரிகள் தேய்ந்து பிடி நழுவினால் பம்பரம் தள்ளாடும்.

மேக்னம் என்பது ஒன்றும் மந்திரச் சொல் அல்ல. சாதாரணத் தோட்டாவைவிடக் கூடுதல் மருந்து, கூடுதல் வேகம், அவ்வளவுதான். கூடுதல் மருந்து என்றால் கூடுதல் சூடு. மருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் 2,500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலே போகிறது. எஃகு உருகுவதே 1,500 டிகிரிக்குள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டைத் தொடுகிறது. இதெல்லாம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு நொடிக்குள் முடிந்துவிடுவதால்தான் குழல் உருகாமல் தப்பிக்கிறது. ஆனால் உட்தோல் மட்டும் ஒவ்வொரு தடவையும் சுட்டுச் சுட்டுக் குளிர்கிறது. நாளடைவில் காய்ந்த குளத்து மண் போல வெடிப்பு விடுகிறது.

எந்த இடம் முதலில் கெடும்? நம் குற்றாலத்துப் பேரருவியைப் பாருங்கள். தண்ணீர் மேலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, பிறகுதான் கீழே வழிகிறது. முதல் வேகத்தை வாங்கிக்கொள்வது அந்த இடம். குழலிலும் அப்படி ஓர் இடம் உண்டு. தோட்டா உட்காரும் அறை முடிந்து வரிகள் தொடங்கும் ஓரிரு அங்குலம். அதைத் தொண்டை என்போம். மேக்னம் துப்பாக்கிக்கு வயதாவது தொண்டையில்தான். வாய்ப்பக்கம் பளபளவென்று இருக்கும், தொண்டை போயிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. .300 வின்செஸ்டர் மேக்னம் என்று 1963-இல் வந்த தோட்டாவில் சுமார் 70 கிரெய்ன் மருந்து. .375-இலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் முதலாவதன் குண்டு விட்டம் .308 அங்குலம், இரண்டாவதன் விட்டம் .375 அங்குலம். விட்டத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள். .375-இன் துளைப் பரப்பு ஒன்றரை மடங்கு. அதே நெருப்பு அகலமான வாசல் வழியே போகிறது. அதனால் .300-இன் தொண்டை ஒன்றிரண்டாயிரம் தோட்டாவிலேயே போட்டித் தரத்தை இழக்கும்; .375 அதைவிட நெடுநாள் தாங்கும். நம் என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 ரைஃபிளோ பல்லாயிரம் தோட்டாக்களுக்கும் அசராது. மருந்து கொஞ்சம், அழுத்தம் குறைவு, குண்டும் மெத்தென்ற ஈயம்.

இனி அந்த நோயாளியிடம் வருகிறேன். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். இனி இரண்டுதான், மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றாகிவிட்டது. புளியரைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பர், நம் கல்லூரியில் எனக்கு இளையவர், 2020 அக்டோபரில் என்னைத் தேடி வந்தார். அவரிடம் மூன்று இருந்தன. அதில் ஒன்று தாத்தாவின் .375 மேக்னம்.

"அண்ணாச்சி, இதத்தான் ஒப்படைச்சிரலாம்னு இருக்கேன். கொழலு தேஞ்சு போச்சு. முன்ன மாதிரி அடிக்க மாட்டேங்குது. யாரக் கேட்டாலும் பேரல் போச்சுன்னுதான் சொல்லுதாவ. ஒங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கொடுப்போம்னு வந்தேன்" என்றார். சொல்லும்போதே மனுஷனுக்குக் குரல் இறங்கிவிட்டது. தாத்தா ஞாபகமாக வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஒப்படைத்தால் திரும்பி வராது. கெடுவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

கையில் 24 தோட்டாக்கள் இருந்தன. இந்த அளவுத் தோட்டா நம் நாட்டில் குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் விலை கையைச் சுடும். ஆகவே செலவில்லாத சோதனையை முதலில் செய்வது, செலவுள்ளதைப் பிறகு செய்வது, திருப்பி எடுக்க முடியாத காரியத்தைக் கடைசியில் செய்வது என்று வரிசை போட்டுக்கொண்டோம்.

முதல் சோதனைக்கு ஒரு தோட்டாகூட வேண்டியிருக்கவில்லை. உரிமப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். நம் நாட்டில் தோட்டா வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதில் பதிந்து கொடுப்பார். தாத்தா காலத்துப் பழைய புத்தகங்களையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். எல்லாவற்றையும் கூட்டினோம். மொத்தம் 300-ஐத் தொடவில்லை. ஆயிரக்கணக்கில் சுட்டால் தேயும் குழல், 300-க்குள் எப்படித் தேயும்? "தேஞ்சு போச்சு" என்ற தீர்ப்பு அப்போதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

இரண்டாவது, நோய் என்ன என்பதைச் சரியாகக் கேட்பது. "முன்ன மாதிரி அடிக்க மாட்டேங்குது" என்றால் இரண்டு பொருள் உண்டு. குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, ஆனால் குறி வைத்த இடத்தை விட்டு விலகி விழுந்தால் அது விலகல். அங்குமிங்கும் இறைந்து விழுந்தால் அது சிதறல். விலகலுக்குப் பெரும்பாலும் சைட்டும் கட்டையும் காரணம். சைட்டைத் திருப்பினால் சரியாகிவிடும். சிதறலுக்குத்தான் குழலைச் சந்தேகிக்க வேண்டும், அதுவும் கடைசியில். நண்பருடையது சிதறல். 100 கெஜத்தில் 5 குண்டு 7 அங்குலத்துக்குப் பரவியிருந்தது. அவர் அப்பா காலத்து அட்டை ஒன்றில் 3 குண்டு 2 அங்குலத்துக்குள் இருந்தது.

இங்கே ஒரு புள்ளியியல் விஷயம். என்.சி.சி.யில் குரூப்பிங் சுட்டவர்களுக்குப் புரியும். அதே துப்பாக்கி, அதே ஆள், அதே தோட்டா. ஆனால் 3 குண்டு குரூப்பைவிட 5 குண்டு குரூப் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும். 10 குண்டு என்றால் ஒன்றரை மடங்குக்கும் மேல். குண்டு கூடக்கூட ஓரத்தில் ஒன்று விழும் வாய்ப்பும் கூடும் அல்லவா? ஆகவே அப்பாவின் 3 குண்டு அட்டையையும் மகனின் 5 குண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து அழக்கூடாது. அதைக் கழித்த பிறகும் 7 அங்குலம் அதிகம்தான். நோய் உண்மை.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. கட்டையையும் இரும்பையும் பிணைக்கும் திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. சைட்டில் ஆட்டம் இல்லை. குழலின் வாய் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் அடிபட்டிருந்தால் வாயு ஒருச்சாய்த்து வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். அடி ஏதும் இல்லை. ஆனால் சுத்தம் செய்யும் கம்பி உரசிய தேய்மானம் லேசாகத் தெரிந்தது. அந்தக் காலத்து .303 ரைஃபிள்களில் புல் த்ரூ கயிறு உரசி உரசியே வாய் தேய்ந்து போனது உண்டு. சுட்டுத் தேய்ந்ததைவிடத் துடைத்துத் தேய்ந்த குழல்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிந்தித் துணி போட்டு இழுக்கும் மாணவர்கள் கயிற்றை நேராக இழுங்கள், விளிம்பில் சாய்க்காதீர்கள்.

பிறகு ஒரு பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தேன். பாதி தூரம் தாராளமாக வந்த நோட்டு ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்துகிறது என்று பொருள். சில துப்பாக்கிகளில் வேண்டுமென்றே தொடும்படி செய்திருப்பார்கள். அது சீராகத் தொட வேண்டும். இது ஒரு பக்கமாக முட்டியது. ஜூனில் சாரல் ஆரம்பித்தால் நம் வீட்டுக் கதவெல்லாம் சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கிறதே, அதே சங்கதிதான். மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. குளிர்ந்த குழலில் முதல் குண்டு ஓரிடத்தில் விழும். சுட்டுச் சூடேறிய குழல் நீண்டு, முட்டிய இடத்தில் நெம்பப்பட்டு, அடுத்த குண்டுகள் வேறெங்கோ போகும்.

சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக உடனே உளியை எடுக்கக் கூடாது. செதுக்கிய மரம் திரும்ப ஒட்டாது. அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தோம்.

நாலாவது, சுடுகிறவர். மேக்னம் துப்பாக்கியின் உதை, சாதாரண .30-06 ரைஃபிளைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்து தோளும் கண்ணிமையும் முன்கூட்டியே சுருங்கும். விரல் வெடுக்கென்று இழுக்கும். சுடுகிறவருக்கே அது தெரியாது. சுடுதளத்தில் நண்பருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டா மூன்றோடு வெற்றுத் தோட்டாக்களையும் கலந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தேன். வெற்றுத் தோட்டா வந்தபோது 'டிக்' என்ற சத்தத்தோடு குழல் முனை அரையடி கீழே போயிற்று! அவரே சிரித்துவிட்டார். "ஓஹோ, நானும் ஒரு காரணமா?" என்றார். பிறகு மணல் மூட்டையில் வைத்து நான் 5 குண்டு சுட்டேன். ஐந்தரை அங்குலம். ஆக, அவர் பங்கு கொஞ்சம், மீதி துப்பாக்கியுடையது.

ஐந்தாவது, சுத்தம். குண்டின் மேலுறை தாமிரக் கலவை. அது குழலில் ஒட்டிப் படிந்துகொண்டே வரும். அம்மோனியா கலந்த கரைசலைத் துணியில் நனைத்து விட்டு எடுத்தால் துணி நீலமாக வரும். தாமிரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் என்ன நிறம் என்று வேதியியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பொறுமையாக, குறித்த நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், நீலம் வராதவரை சுத்தம் செய்தோம். மறுபடி 5 குண்டு. நாலு அங்குலம். முன்னேற்றம்தான். ஆனால் ஐந்தரைக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால் நாங்கள் துள்ளிக் குதிக்கவில்லை.

படிவு போன பிறகு குழலுக்குள் பார்க்க முடிந்தது. மொபைல் போனில் இணைக்கிற மெல்லிய கேமரா இப்போது எளிதாகக் கிடைக்கிறது. தொண்டையைப் பார்த்தேன். வரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. வெடிப்பு அங்கங்கே மெல்லிய கோடுதான். வாய்ப்பக்கம் மட்டும் ஊசி குத்தியது போலத் துருக்குழிகள். அந்தச் சொரசொரப்பில்தான் தாமிரம் பிடித்துக்கொண்டிருந்தது.

துரு எங்கிருந்து வந்தது? பழைய காலத்துத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். கிட்டத்தட்ட சமையல் உப்பின் தம்பி. சாரல் காற்றில் உப்பு ஜாடி கசிகிறதே, அதுபோல ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம்மவர்கள் மேலே எண்ணெய் பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். எண்ணெயில் உப்பு கரையுமா? கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்துப் பட்டாளத்தில் முதலில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதற்குப் பிறகு எண்ணெய் போடுவார்கள். வெளிநாட்டில் மேக்னம் குழலைத் தின்பது நெருப்பு. நம் ஊரில் தின்பது உப்பும் சாரலும்.

கடைசியாகத்தான் கட்டை. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, முட்டிய இடத்தை மட்டும் இழைத்து, ஈரம் ஏறாதபடி உட்புறத்திலும் எண்ணெய் ஏற்றினோம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியில் கை வைப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். குழலைக் குறுக்குவது தனிக் குற்றம். வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல இது.

மூன்றாவது ஐந்து. முதல் குண்டும் ஐந்தாவது குண்டும் ஒரே இடத்தில் நின்றன. அளந்து பார்த்தோம், இரண்டேகால் அங்குலம். நண்பர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். மீதித் தோட்டா ஆறு. டிசம்பரில் அவர் ஒப்படைத்தது வேறொரு துப்பாக்கியை.

அப்படியானால் குழல் தேய்வதே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாகத் தேயும். கட்டை, சைட், தோட்டா, ஆள், சுத்தம் அத்தனையும் சரியாக இருந்தும் சிதறல் குறையாமல், தொண்டையில் வரிகளே மழுங்கி, அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துளை போல நீள ஓட்டை விழுந்தால், குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது என்று பொருள். தோட்டா அந்தக் குழலுக்கு உரியதுதான் என்று உறுதி செய்த பிறகும் அப்படி விழுந்தால் குழலுக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான். அங்கே பாசம் காட்டக் கூடாது.

இது வெறும் தாத்தா சொத்து விவகாரம் மட்டுமல்ல. கடையநல்லூர், வடகரை, செங்கோட்டைப் பக்கம் காட்டுப்பன்றியால் விவசாயிகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அப்படிச் சுடும் ரைஃபிள் ஐந்து அங்குலம் சிதறினால் என்ன ஆகும்? விலங்கு சாகாது, குடல் கிழிந்து ஓடும். ரண வேதனையோடு புதரில் படுத்திருந்து, காலையில் புல் அறுக்க வரும் பெண்ணின் மேல் பாயும். சாரல் முடிந்ததும் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை அட்டையில் சுட்டுப் பார்க்காமல் எந்தத் துப்பாக்கியையும் உயிருக்கு எதிரே நீட்டக் கூடாது என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

மாணவச் செல்வங்களே! உங்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ரைஃபிளைத் தொடப் போவதில்லை. ஆனால் ஓடாத மோட்டார், நின்றுபோன கம்ப்யூட்டர், காய்ச்சல் விடாத நோயாளி, நஷ்டத்தில் ஓடும் கடை என்று ஏதாவது ஒன்று உங்கள் முன்னால் வந்து நிற்கும். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் "பேரல் போச்சு" என்பார்கள். ஒரே வார்த்தையில் முடிந்துவிடுவதால் அந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் பிடிக்கும். நீங்கள் முதலில் பழைய பதிவேட்டைக் கேளுங்கள். விலகலா, சிதறலா என்று பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் அளந்து எழுதி வையுங்கள். உளியைக் கடைசியில் எடுங்கள். இது எனக்கு இராணுவத்தில் புதிதாகச் சொல்லிக் கொடுத்த வித்தை அல்ல. இந்தக் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து, ஒரே கம்பியின் விட்டத்தைப் பத்து முறை அளக்கச் சொன்னார்களே, அன்றைக்கே கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.